இடது கால்

வெந்நீரில் கால் மணி நேரம் ஊறினால் லேபிள் சுலபமாகக் கழன்றுவிடும், சார். நீங்கள் கதவைத் தட்டியபோது நான் ஒன்பதாவது பாட்டிலைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். இன்னும் இருபது பாட்டில் கட்டிலுக்கடியில் கிடந்தன. வரலட்சுமியின் கணவர் மணி உங்கள் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டதும் அவசரப்பட்டுவிட்டேன்.

உட்காருங்கள். சொல்கிறேன்.

அந்த மூலிகை ஜூஸ் கம்பெனியில் சேரப் பதினெட்டாயிரம் கட்டினேன். மாதம் ஆறாயிரத்துக்குச் சரக்கு எடுத்தால்தான் நம் உறுப்பினர் ஐடி உயிரோடு இருக்கும். நமக்குக் கீழே சேர்கிறவர்கள் வலது கால், இடது கால் என்று இரண்டு வரிசை. இரண்டும் சமமாக நடந்தால்தான் கமிஷன். ஒன்று நின்றால் மற்றதில் சேர்ந்ததும் போச்சு. மூன்று வருடத்தில் நான் போட்டது இரண்டு லட்சத்துக்கு மேல். வந்தது நாற்பத்தோராயிரம். வீட்டில் இதைச் சொல்லவில்லை.

என் இடது கால் வரலட்சுமி. புதுப்பட்டினம் மார்க்கெட் பக்கம் தையல் கடை. சர்க்கரை நோயாளி. ஜூஸ் குடித்த மூன்றாம் மாதம், "தெம்பா கீதுக்கா" என்றாள். மாமல்லபுரத்தில் ஓட்டல் ஹாலில் நடந்த கூட்டத்தில் அவளை மேடையேற்றினேன். "சுஜாதாக்கா குடுத்த ஜூஸாலதான் மாத்திரைய வுட்டுட்டேன்" என்று மைக்கில் சொன்னாள். ஹாலே கைதட்டியது. அவளைப் பார்த்து அவளுக்குக் கீழே பதினோரு பேர் சேர்ந்தார்கள்.

மாத்திரையை நிறுத்து என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. "உன் உடம்பு உனக்குத் தெரியாதா" என்று மட்டும்தான் கேட்டேன்.

ஜூன் மாதம், ஸ்கூல் யூனிஃபார்ம் சீசன். அவளுடைய இடது பாதத்தில் ஒரு கொப்புளம். "மெஷின் மெறிக்க முடிலக்கா. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போயாந்துடவா?" என்றாள். பக்கத்தில் மணி நின்றிருந்தார். "யக்கா, தண்ணியா ஒழுவிகினு கீது. நீ சொன்னாத்தான் வருவேன்றா. நீ இன்னா டாக்டரா?"

அவள் ஆஸ்பத்திரியில் படுத்தால் பதினோரு பேருக்கும் தெரிந்துவிடும். "முதல்ல சுகர் பாத்துடலாம். நார்மல்னா சும்மா கொப்புளம்தான்" என்றேன். நியாயமான பேச்சுத்தானே, சார்?

உள்ளூர் லேபில் ரத்தம் கொடுத்தாள். ரிப்போர்ட் வாங்க நான் போனேன். "இங்க மெஷின் ரிப்பேராம், கேளம்பாக்கத்துக்கு அனுப்பியிருக்காங்க" என்று வந்து சொன்னேன். மறுநாள் கேளம்பாக்கம் ரிப்போர்ட்டை அவள் கையில் கொடுத்தேன். நூற்று நாலு. மேலே அவள் பெயர், அவள் வயது.

மணி நாலு தடவை படித்தார். வரலட்சுமி சிரித்தாள். "பாத்தியா மாமா? அக்காவ இன்னா பேச்சு பேசின!" கொப்புளத்தின் மேல் துணியைச் சுற்றிக்கொண்டு, திரும்பவும் மெஷினில் உட்கார்ந்தாள்.

பதினாறு நாள். பிறகு செங்கல்பட்டில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். இடது கால். கிருமி ஏற்கெனவே ரத்தத்தில் கலந்துவிட்டதாம். நான் பார்க்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இந்த மாச ஆர்டரப் போட்டியாக்கா? இல்லேன்னா உன் லெஃப்டு வுழுந்துடுமே" என்றாள்.

போட்டுவிட்டேன் என்றேன். உண்மைதான். பீஸ் ரேட்டில் தைத்து அவள் கொடுத்து வைத்திருந்த பணத்தில் போட்டிருந்தேன். மறுநாள் இறந்துபோனாள்.

உள்ளூர் ரிப்போர்ட்டும் இருக்கிறது. மெஷின் ரிப்பேர் ஆகவே இல்லை. முந்நூற்று எண்பத்தாறு. என் பீரோவில், பட்டுப் புடவைக்கடியில். எடுத்துக்கொள்ளுங்கள். கிழித்துப்போட மனம் வரவில்லை.

நூற்று நாலு எங்கிருந்து வந்தது என்று கேட்கிறீர்கள். கேளம்பாக்கத்தில் ஆதார் எல்லாம் பார்ப்பதில்லை, சார். பெயர் கேட்டார்கள். வரலட்சுமி என்றேன். கையை நீட்டினேன்.

எனக்கும் ஏழு வருடமாகச் சர்க்கரை. நல்ல கட்டுப்பாட்டில் இருக்கிறது. அந்த ஜூஸில் இதுவரை ஒரு மூடிகூடக் குடித்ததில்லை. மாத்திரையை ஒரு வேளைகூட விட்டதில்லை.