தர்மேந்திரன் பெயரில் நான் போட்ட நான்கு தேதிகள்

என் பெயர் கலாதேவி, தகப்பனார் பெயர் ராஜு, வயது 34. ஈப்போ, குனோங் ராபாட்டில் குடியிருக்கிறேன். கணினி நிரல் எழுதுவது என் வேலை. காணாமல் போன தர்மேந்திரன், வயது 36, என் அலுவலகத்தில் ஒன்பது வருடம் பக்கத்து மேசையில் இருந்தவர்.

நாங்கள் இருவரும் ஓய்வு நேரத்தில் ஓர் இலவச இயங்குதளத்துக்கு வேலை செய்து வந்தோம். அதில் மென்பொருளைத் தயாராகச் செய்து கொடுப்பதில்லை. களஞ்சியத்தில் இருப்பது சின்னச் சின்னக் குறிப்புகள்தான். மூல நிரல் எங்கே கிடைக்கும், வந்தது அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது, முன்னதாக வேறு என்ன வேண்டும், அதை ஓடும் மென்பொருளாக எப்படிக் கட்டுவது என்று அதில் எழுதியிருக்கும். பயன்படுத்துகிறவரின் கணினி அதைப் படித்து, மூல நிரலை இறக்கித் தானே கட்டிக்கொள்ளும். ஒவ்வொரு குறிப்புக்கும் ஒரு பொறுப்பாளர் உண்டு. அவர் தன் கணினியில் உள்ள ரகசியச் சாவிக் கோப்பால் கையொப்பமிட்டு மாற்றம் ஏற்றினால், அவர் பெயரும் தேதியும் பொதுப் பக்கத்தில் வரும். அறுபது நாள் பதில் இல்லாவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். தமிழ்த் தட்டச்சுக் கருவியின் குறிப்பு தர்மேந்திரன் பொறுப்பில் இருந்தது.

போன டிசம்பர் தொடக்கத்திலிருந்தே அவர் யாருக்கும் பதில் எழுதவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். பிப்ரவரி 3ஆம் தேதி அவர் வேலைக்கு வரவில்லை. மறுநாள் அவருடைய மோட்டார் சைக்கிள் கோப்பெங் பக்கம் ஈயம் தோண்டிய பழைய சுரங்கத்தில் தண்ணீர் தேங்கிய ஒரு குட்டை ஓரம் கிடைத்தது. அதன்பிறகு மீட்புப் படையினர் குட்டையில் இறங்கித் தேடினார்கள்.

6ஆம் தேதி, அவர் பெயரை எடுக்கப்போவதாகக் கடைசி அறிவிப்பு வந்தது. பொறுப்பை என் பெயருக்கு மாற்றியிருக்கலாம். மாற்றினால் அவர் இனி வரமாட்டார் என்று நானே எழுதிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும், எனக்கு மனசு வரவில்லை. அன்றே அலுவலகக் கணினியில் அவர் வைத்திருந்த சாவியைக் கொண்டு புதிய பதிப்பை ஏற்றினேன். கடவுச்சொல் எனக்குத் தெரியும்.

பெயரும் தேதியும் வரும் அந்தப் பொதுப் பக்கத்தை அவர் தன் தாயார் நவமணியின் கைப்பேசியில் வைத்துக்கொடுத்திருந்தார். அம்மா மறுநாள் அதைக் காவல் நிலையத்துக்கே கொண்டுபோய், "எம்புள்ள உசுரோட இருக்கான் லா, நேத்துத் தேதி போட்டிருக்கான் பாருங்க" என்று காட்டினார். அன்றே தேடுதல் நின்றது. எனக்குத் தெரிந்தும் பயத்தில் வாயைத் திறக்கவில்லை. அதன்பிறகு அம்மா அடிக்கடி எனக்குப் போன் செய்து, இந்த மாதத் தேதி இன்னும் வரவில்லையே என்பார். மார்ச், ஏப்ரல், மே மாதங்களிலும் நான்தான் ஏற்றினேன்.

இன்று காலை செமோரில் அவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா மகனின் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அழவில்லை, திட்டவும் இல்லை. கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தார். அதன்பிறகு, "அடுத்த மாசமும் போட்டுரு மா. நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன்" என்றார்.

நான் அங்கிருந்து நேராக இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன். அந்தக் குட்டையில் மறுபடியும் தேட வேண்டும்.

இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். யாரும் மிரட்டியோ சொல்லிக்கொடுத்தோ சொன்னதல்ல, எல்லாம் உண்மை.

(ஒப்பம்)
கலாதேவி