யாரும் விழாத இல்லம்

இந்த நாற்காலி ஆடுகிறது, சார். பின்கால் ஒன்று குட்டை. ஒரு அட்டையை நாலாக மடித்துக் கீழே கொடுத்தால் சரியாகிவிடும். குறையாகச் சொல்லவில்லை. கண்ணில் பட்டதைச் சொல்லாமல் இருக்க எனக்கு வராது. ஆட்சேபணை இல்லையென்றால் நின்றுகொண்டே பேசுகிறேன். உட்கார்ந்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது. வீட்டில் என் கணவர்கூட, “உனக்கு என்ன, கால்ல சக்கரமா கட்டியிருக்கு?” என்பார்.

முதியோர் இல்லத்தில் என் வேலை என்ன என்று கேட்டீர்கள். சுகாதாரத் துறை விதியை மாற்றும், நான் இல்லத்தை மாற்றுவேன். அவ்வளவுதான். கட்டிலுக்குக் கட்டில் கைகழுவும் திரவம் வேண்டும் என்றார்கள். ஆணியடித்து மாட்டினேன். மறுவருடமே, நினைவு தப்பியவர்கள் அதை எடுத்துக் குடித்துவிடுகிறார்கள், கழற்றுங்கள் என்றார்கள். கழற்றி, ஓட்டையைப் பூசி, வெள்ளையும் அடித்தேன். இப்படி வருடம் முழுக்க ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். அங்கே வேலை பார்க்கிற பிள்ளைகள் எனக்கு ‘சர்க்குலர் அக்கா’ என்று பெயர் வைத்திருந்தார்கள், எனக்குத் தெரியாது என்கிற நினைப்பில். முதலாளிக்கு வேறு தொழில்கள் இருந்தன. எப்போதாவது வந்து, காரை விட்டு இறங்காமலே, “நீங்க பாத்துக்குவீங்கல்ல?” என்பார். பார்த்துக்கொள்கிறேன் என்பேன். பார்த்தும்கொண்டேன்.

முன்பெல்லாம், எழுந்து தடுமாறுகிறவர்களை மார்பில் ஒரு பட்டை போட்டு நாற்காலியோடு கட்டிவைப்போம். அன்றைக்கு அதில் தப்பில்லை. பிறகு, யாரையும் கட்டக் கூடாது என்று விதி வந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒவ்வொருவரிடமும் போய் என் கையாலேயே அவிழ்த்துவிட்டேன். எங்களிடம் காலமெல்லாம் பேருந்து ஓட்டிய பெரியவர் ஒருவர் இருந்தார். டிரைவர் ஐயா என்று கூப்பிடுவோம். பெற்ற பிள்ளைகளின் முகம் மறந்துபோனவருக்குக் காலையில் பேருந்தை எடுக்கும் முதல் நடை மட்டும் மறக்கவில்லை. பட்டையை அவிழ்த்ததும் என் தலையில் கை வைத்து, “நல்லா இரும்மா. வண்டிய எடுக்கணும், ஜனங்க காத்துக்கிட்டு இருப்பாங்க” என்று சொல்லிவிட்டு வராந்தாவில் நடக்க ஆரம்பித்தார். அப்புறம் அவர் நிற்கவே இல்லை. அந்த வாரமே படியில் உருண்டார். நெற்றியில் தையல் போட்டுக் கூட்டிவந்தோம். மறுநாள் பார்த்தால் மறுபடியும் நடை.

அவரைப் பார்த்து மற்றவர்களும் எழுந்தார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் விழுந்தார்கள். அந்தச் சமயம் பார்த்துத்தான் அடுத்த விதி வந்தது. விழுந்தால் உடனே தெரிவிக்க வேண்டும். அடிக்கடி விழுந்தால் புதியவர்களைச் சேர்க்க முடியாது, பிறகு உரிமமும் கிடையாது. கட்டாதே என்பதும் அவர்கள்தான், விழக் கூடாது என்பதும் அவர்கள்தான். கூட ஆள் போடுங்கள் என்று முதலாளியிடம் கேட்டேன். சிரித்துவிட்டு, வழக்கமான கேள்வியையே கேட்டார்.

விழுவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும், சார். என் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, படுத்த படுக்கையாகி, போய்ச் சேர்ந்தார். பால் பொங்கும் என்று அடுப்படிக்குப் போயிருந்தேன். அந்த நேரம்தான் அவர் விழுந்தார். துக்கத்துக்கு வந்த நாத்தனார் எல்லோர் முன்னாலும், “பக்கத்துல நிக்காம எங்க போன?” என்று கேட்டார். அதற்குப் பிறகு, எங்கே ஒரு தட்டு விழுந்தாலும் கை வேலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்துவிடுவேன். இல்லத்தில் அந்தச் சத்தம் நாளெல்லாம் கேட்டது. நான் மாடிக்கும் கீழுக்குமாக ஓடிக்கொண்டே இருந்தேன். சாப்பாட்டைக்கூட நின்றுகொண்டுதான் விழுங்குவேன்.

வழி தானாகத்தான் கிடைத்தது. டீச்சரம்மா என்று ஒருவர். எழுபதைத் தாண்டியும் செய்தித்தாளில் அச்சுப்பிழை கண்டுபிடித்து வட்டம் போடுவார். அவருடைய கண்ணாடி உடைந்து கடைக்குப் போயிருந்தது. கண்ணாடி இல்லாத அந்த நாட்களில் அவர் கட்டிலை விட்டு இறங்கவே இல்லை. கழிப்பறைக்குப் போக வேண்டும் என்றாலும் கூப்பிட்டு, கை பிடிக்க ஆள் வரும்வரை காத்திருந்தார். கண்ணாடி புது லென்ஸ் போட்டு வந்தது. கொடுக்க மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். மறக்கவில்லை. என் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

பிறகு மற்றவர்களுடையதையும் துடைத்துத் தருகிறேன் என்று வாங்கி வைத்தேன். அடியில் ரப்பர் தேய்ந்த கைத்தடி கூடாது என்று ஏற்கெனவே விதி இருந்தது. அதனால் கைத்தடிகள் போயின. செருப்புகளையும் எடுத்துவிட்டேன். வெறுங்காலோடு ஜில்லென்ற தரையில் கால் வைக்கத் தயங்கி, பாதிப்பேர் காலை மறுபடி கட்டில்மேல் தூக்கிக்கொள்வார்கள். யாரையும் அதட்டவில்லை. யார்மேலும் கை வைக்கவில்லை. கேட்டவர்களுக்கு “நாளைக்கு” என்று மட்டும் சொன்னேன். அவர்களுக்கு நாளை எது, இன்று எது என்ற கணக்கெல்லாம் போய்விட்டிருந்தது. டீச்சரம்மாவுக்குப் போகவில்லை. “நாளைக்குன்னு நேத்தும் சொன்னே” என்பார். நான் தலையணையைச் சரிசெய்து கொடுப்பேன்.

டிரைவர் ஐயாவிடம்தான் எதுவும் பலிக்கவில்லை. அவருக்குக் கண் நன்றாகத் தெரியும். செருப்பே போடாத கால். அவர் எப்போது எழுகிறார் என்று பக்கத்தில் நின்று பார்த்தேன். சிறுநீர் முட்டும்போதுதான் எழுந்தார். எழுந்தபின்தான் பேருந்து ஞாபகம் வந்தது. அதனால் அவருக்குத் தண்ணீரைக் குறைத்தேன். ஒரு ஆளுக்கு எவ்வளவு தண்ணீர் தர வேண்டும் என்று எந்தச் சர்க்குலரிலும் சொல்லவில்லை, சார். நான் தேடிப் பார்த்தேன். கட்டிலின் அளவு இருக்கிறது, சன்னலின் அளவு இருக்கிறது. தண்ணீருக்கு அளவு இல்லை.

அவர் அடங்கினார். முதலில் வராந்தா, பிறகு அறை, பிறகு கட்டிலோரம், பிறகு கட்டில். கை மட்டும் ஸ்டீயரிங்கைத் திருப்புகிற மாதிரி போர்வையின்மேல் அசைந்துகொண்டிருக்கும். நல்ல பலன் தெரிந்ததால் மற்றவர்களுக்கும் அதையே செய்தேன். கட்டிலோரத்துத் தண்ணீர்க் கூஜாக்களை, கொசு முட்டையிடுகிறது என்று சொல்லி எடுத்துவிட்டேன். மாத்திரை விழுங்க ஒரு வாய் தண்ணீர், காலையில் அரை தம்ளர் தேநீர். அப்போது வெயில் காலம் தொடங்கியிருந்தது.

ஆய்வுக்கு வந்த அம்மையார் ஒவ்வொரு அறையாகப் பார்த்துவிட்டு, இவ்வளவு அமைதியான இல்லத்தை எங்கேயும் பார்த்ததில்லை என்றார். மற்ற இல்லங்களுக்கும் வந்து சொல்லித்தர முடியுமா என்றும் கேட்டார். அன்று மாலை, எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு, ஒரு இடத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்தேன்.

சின்ன நர்ஸ் ஒருத்தி இருந்தாள், வேலைக்குப் புதிது. அவள்தான் என் அறைக்கு வந்து, “அக்கா, எல்லாருக்கும் நாக்கு காஞ்சு வெடிச்சிருக்கு. டிரைவர் ஐயா என் ஈரக் கையைப் பிடிச்சு நக்குறாரு” என்றாள்.

“வெயில் காலம்மா” என்றேன்.

“அதுக்குத்தான் தண்ணி குடுக்கணும்னு சொல்றேன்.”

கெட்டிக்காரி. அவளை அன்றைக்கே துணி துவைக்கிற பக்கம் மாற்றினேன். அங்கே நாள் முழுக்கத் தண்ணீரோடுதான் வேலை.

டிரைவர் ஐயா போனது அதற்கு அடுத்த வாரம். வயதாகிவிட்டது, சிறுநீரகம் ஓய்ந்துவிட்டது என்று மருத்துவர் எழுதினார். அவர் மகன் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, அப்பா உடம்பில் ஒரு படுக்கைப் புண்கூட இல்லை, பூ மாதிரி வைத்திருந்தீர்கள் என்று அழுதார். எனக்கும் கண் கலங்கியது. பிறகு மாடியில் இருவர். பிறகு டீச்சரம்மா.

டீச்சரம்மாவின் மகள் தாயாரின் சாமான்களை எடுத்துப்போக வந்தார். கண்ணாடியை உறையில் போட்டுக் கொடுத்தேன். “அம்மா கடைசி வரைக்கும் பேப்பர் படிச்சாங்களா?” என்று கேட்டார். தினமும் படித்தார் என்றேன். ஆறுதலுக்காகச் சொன்னதுதான். அவர் கண்ணாடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். லென்ஸின் ஓரத்தில் கடைக்காரன் ஒட்டிய குட்டித் தாள் அப்படியே இருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அம்மாவின் துணிகளை வாங்க வேண்டும் என்று நேரே துணி துவைக்கிற பக்கம் நடந்தார். அங்கே யார் இருந்தாள் என்று உங்களுக்குத் தெரியும்.

சரி, நேராகவே கேட்கிறீர்கள், நேராகவே சொல்கிறேன். ஆமாம், நான்தான். நான்கு பேரும் தாகத்தில் செத்தார்கள். கேட்டார்கள், நான் கொடுக்கவில்லை. டீச்சரம்மா கடைசி நாளில் தண்ணீர் என்று சொல்லக்கூட நாக்கு வராமல் என் புடவையைப் பிடித்துக்கொண்டார். விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல், விடுவித்தேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் தண்ணீரைக் குறைத்தபின் அந்த நான்கு பேரில் ஒருவர்கூட விழவில்லை என்பதையும் அதே இடத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது அங்கே சின்ன நர்ஸைத்தான் பொறுப்பில் வைத்திருக்கிறார்களாம். கண்ணாடி, கைத்தடி, கூஜா எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டாளாம். மாடியில் இருந்த அம்மாள் ஒருவர் தோட்டம் வரை நடந்துபோய், முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே எழுந்தாராம். இதை என் கணவர் நேற்று வந்து ஏதோ நல்ல செய்தி மாதிரி சொல்கிறார். கேட்டதிலிருந்து எனக்கு நிலைகொள்ளவில்லை. இங்கே நான் சும்மா நிற்கிறேன், அங்கே அவர்கள் எழுந்து நடந்துகொண்டிருக்கிறார்கள்.

தண்டனை எதுவானாலும் கொடுங்கள், நான் மறுக்கப்போவதில்லை. அதற்கு முன்னால் ஒரே ஒரு நாள் என்னை அங்கே விடுங்கள், சார். எல்லோரையும் பத்திரமாகப் படுக்கவைத்துவிட்டு வந்துவிடுகிறேன்.