தலைப்பில் ஓர் ஒற்று

பத்திரிகை அலுவலகத்தில் என்னை ஒற்றன் என்று கூப்பிடுவார்கள். ஓர் ஒற்றெழுத்து விட்டுப்போனாலும் விடமாட்டேன் என்பதால் வந்த பெயர். அதை யாரோ உங்களிடம் சொல்ல, அரசாங்கம் வைத்த உளவாளி என்று நினைத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள், வக்கீல் ஐயா. சிறையிலிருக்கும் உங்கள் கட்சிக்காரரைப் போலவே நீங்களும் அவசரக்காரர். என்னை யாரும் வைக்கவில்லை.

நான் மெய்ப்புப் பார்ப்பவன். பக்கம் அச்சுக்குப் போகுமுன் படித்துப் பிழை நீக்குகிறவன். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பிழை பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். கிடையாது, தலைப்பில்தான் ஒளியும். பெரிய எழுத்தைக் கண் படிப்பதில்லை, பார்த்துவிட்டுப் போய்விடும். அதனால் தலைப்பை நான் வலமிருந்து இடமாக, எழுத்தெழுத்தாகப் படிப்பேன். ஆசிரியர் ஒப்புதல் கொடுத்த பிறகும் பக்கம் கடைசியாக என் கணினிக்குத்தான் வரும். அங்கிருந்து நேரே அச்சுத் தகடு.

உங்கள் கட்சிக்காரரான எங்கள் ஆசிரியரைத் துணிச்சல்காரர் என்பார்கள். இருக்கலாம். பத்திக்குப் பத்துப் பிழை விடவும் துணிச்சல் வேண்டும். அன்று எல்லோர் முன்னாலும் கேட்டார்.

“ஒரு ஒத்து போனா குடியா முழுகிடும், சார்? ஜனங்க விஷயத்தப் பாப்பாங்க. உங்கள மாதிரி பூதக்கண்ணாடி வச்சிக்கிட்டா உக்காந்திருக்காங்க?”

“அர்த்தமே மாறிடும், சார்.”

“மாறட்டும். இனிமே மெய்ப்பெல்லாம் மெஷினே பாத்துக்கும். நீங்க விளம்பரப் பிரிவுக்குப் போயிடுங்க. அங்க ஒத்தும் இல்ல, குத்தும் இல்ல.”

அறையே சிரித்தது.

அன்றைய முதல் பக்கம் அவர் எழுதியது. ஆற்றுக்கு மேற்கே குழாய்த் தண்ணீரில் ஈயம் கலந்திருக்கிறது. சோதனை முடிவு அதிபர் கைக்குப் போய் மாதக்கணக்காகிறது. அவர் வாய் திறக்கவில்லை. தலைப்பு இரண்டே சொல்: அதிபர் மறைத்தார்.

கட்டுரையின் பிழைகளை எல்லாம் ஒழுங்காகத் திருத்தினேன். பிறகு தலைப்பில் ‘த்’ இருந்த இடத்தில் ‘ந்’ போட்டேன். அதிபர் மறைந்தார்.

எவ்வளவு சின்ன வேலை, பாருங்கள். ஒளித்தவர் செத்தவராகிவிட்டார்.

காலையில் கடைகளின் ஷட்டர்கள் இறங்கின. பேருந்துகள் நின்றன. சிலர் அழுதார்கள், சிலர் சிரிப்பை அடக்கமுடியாமல் வீட்டுக்குள் ஓடினார்கள். தலைப்புக்குக் கீழே பக்கம் முழுக்க ஈயம், ஈயம் என்று இருந்தது. அதுவரை இறங்கிப் படித்தவர்கள் சொற்பம். விஷயத்தைப் பார்க்கிற ஜனங்கள் இவர்கள்தான்.

மதியத்துக்குள் பிரதிகளைப் பறிமுதல் செய்து அச்சகத்துக்குச் சீல் வைத்தார்கள். அந்தப் பத்திரிகையை மூடக் காரணம் தேடிப் பல வருடம் அலைந்தவர்கள். மூடும் ஆணையில் ஓர் ஒற்றைக் கூடுதலாகப் போட்டுப் ‘பத்திரிக்கை’ என்று எழுதியிருந்தார்கள். எழுதத் தெரியாதவரை எழுதத் தெரியாதவர்களே பிடித்துக்கொண்டு போனார்கள். “அச்சுப்பிழைங்க, வெறும் அச்சுப்பிழை” என்று கத்திக்கொண்டே போனார். அப்போதும் ‘வெறும்’தான்.

மேற்கே இன்னும் அதே குழாய், அதே தண்ணீர். என் தங்கை வீடும் அங்கேதான். ஒருநாள் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தவள், நான் கேன் தண்ணீர் வாங்கியிருந்ததைப் பார்த்தாள்.

“என்னண்ணே, கேன் தண்ணியெல்லாம்? பெரிய மனுஷன் ஆயிட்டியா?”

“தொண்ட சரியில்லம்மா.”

“உயிரோட இருக்கறவரையே சாகடிச்ச பேப்பர். அதுல தண்ணியப் பத்தி ஏதோ போட்டிருந்தாங்களாமே, அதுவாவது நெசமாண்ணே? நீ அங்கதான இருந்த?”

“அதுல நெறைய பிழைம்மா,” என்றேன். பொய்யில்லை. நான் திருத்திய பிழைகள்தானே.

குழந்தைக்கு இப்போது வலிப்பு வருகிறது. கற்ற சொற்கள் ஒவ்வொன்றாக அவளை விட்டுப் போகின்றன. சென்ற வாரம் ‘மாமா’ போயிற்று. டாக்டர்கள் மூளையைப் படம் எடுத்து, காய்ச்சல், பரம்பரை என்று எதையெதையோ சொல்கிறார்கள். அவர்களும் எதையும் முழுதாகப் படிக்காதவர்கள்.

தங்கையிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். நியாயமான கேள்வி. சொல்ல வாயெடுத்ததும் உண்டு. ஆனால் சொல்லியிருந்தால், அந்த ஆள் எழுதியது சரி என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும்.