மேட்டு வீதி ஐந்தாம் இலக்க வீட்டுக்கு ஞாயிறு காலை வந்தவர்கள்

ஜொகூர் பாரு, 1931 ஆகஸ்ட் 24, திங்கட்கிழமை, காலை பத்தரை மணி. இன்ஸ்பெக்டர் முன்னிலையில் சொல்லக் கேட்டு எழுதியவர்: மொழிபெயர்ப்பாளர் அந்தோனிப்பிள்ளை.

என் பெயர் செல்லப்பாக்கியம். சர்வே ஆபீசில் படம் வரைபவராக இருந்து இம்மாதம் 15ஆம் தேதி காலமான விசுவலிங்கத்தின் மனைவி. வயது 46. சைவ சமயம். பிறந்தது யாழ்ப்பாணம், சுன்னாகம். இருப்பது கடற்கரையை ஒட்டிய மேட்டு வீதி, ஐந்தாம் இலக்கம். பிள்ளைகள் இல்லை. எனக்கு இங்கிலீஷ் தெரியும். ஆனாலும் தமிழில் சொல்லவே விரும்புகிறேன். கணவர் இறந்த துடக்கு எனக்கு இன்னும் கழியவில்லை. அதைச் சொல்லியும் நேரில் வரச் சொன்னதால் வந்திருக்கிறேன்.

நானும் என் கணவரும் 1912இல் இந்த ஊருக்கு வந்தோம். மேட்டு வீதியில் குடியேறியது 1922இல். அப்போது அங்கே இரண்டு வீடுகளும் நிறையக் கொசுவும் இருந்தன. அதன் பிறகு சிங்கப்பூருக்குப் பாலம் போட்டார்கள். பாலத்தின் மேல் மோட்டார் கார்கள் வரத் தொடங்கின. கடற்கரை மூலையில் ஓட்டல் எழும்பியது, எங்களைச் சுற்றி வெள்ளைக்காரர்கள் வீடு கட்டினார்கள், வீதி உயர்ந்த வீதியாகிவிட்டது. நாங்கள் இருந்த இடத்திலேயே இருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சிங்கப்பூரிலிருந்து வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு எங்கள் வீதியில் உலாவுவார்கள். அரண்மனைத் தோட்டத்தையும் பள்ளிவாசலையும் பார்த்து முடித்த பிறகு பார்ப்பதற்கு இந்த ஊரில் வேறொன்றும் இல்லாததால் எங்கள் வீட்டைப் பார்ப்பார்கள். நான் மிளகாய் காயவைப்பதைப் படம் பிடிப்பார்கள். ஒரு முறை ஒரு சீமாட்டி கேட்டைத் திறந்து வந்து, பாயில் காய்ந்த மோர்மிளகாய் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். பிறகு நான் அவளுக்கு நஞ்சு வைத்ததாக ஓட்டலில் சொன்னாள். இன்னொரு முறை ஒரு துரை, விறாந்தையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த என் கணவரைக் கூப்பிட்டு, தென்னை மரத்தில் ஏறிக் காட்ட முடியுமா என்று கேட்டார். என் கணவர் எழுந்து நின்று, "நீங்கள் முதலில் ஏறுங்கள், நான் கீழே இருந்து அளந்து சொல்கிறேன்" என்று இங்கிலீஷில் சொன்னார். துரைக்கு அது விளங்கவில்லை. அவர்களில் அநேகம் பேருக்கு அவர்களுடைய பாஷையே மெதுவாகத்தான் விளங்குகிறது.

சென்ற வருடம் வீதியிலுள்ள துரைமார் சேர்ந்து எங்களுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். மிளகாய் வறுக்கும் நெடி வருகிறது என்றும், முன்பக்கத்தில் துணி காயப்போடக் கூடாது என்றும், வெளிநாட்டார் இந்த வீதியின் வழக்கத்துக்கு அடங்கி நடக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. முதல் கையெழுத்துப் போட்ட ஆறாம் இலக்கத்துத் துரை இந்த ஊருக்கு வந்து அப்போது பதினான்கு மாதம். நாங்கள் வந்து பதினெட்டு வருடம். அவரும் கப்பலில்தான் வந்தார். என் கணவர் அந்தக் கடிதத்திலிருந்த மூன்று எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்பினார்.

இம்மாதம் 14ஆம் தேதி என் கணவருக்குப் பாரிசவாதம் வந்தது. மறுநாள் மாலை ஐந்து மணிக்கு உயிர் பிரிந்தது. வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. அவர் சவரம் செய்யாமல் வாசலுக்குக்கூட வராதவர்.

16ஆம் தேதி ஞாயிறு காலை, அவருடன் வேலை செய்தவர்கள் வந்து உடலைக் குளிப்பாட்டி முன் அறையில் கிடத்தினார்கள். அதன் பிறகு பாடை கட்ட மூங்கில் கொண்டுவரவும், சிங்கப்பூரிலிருந்து வரும் உறவினரை அழைத்து வரவும் ஆண்கள் எல்லோரும் போனார்கள். உறவினர் வந்து சேரும் வரை அந்த வாயை யாரும் பார்க்க வேண்டாம் என்று முகத்தின் மேல் வெள்ளைத் துணி போட்டேன். வீதியிலிருந்த மற்ற ஐந்து வீட்டாரில் ஒருவரும் வரவில்லை. ஆறாம் இலக்கத்தில் பிள்ளை பார்க்கும் வெள்ளையம்மா மட்டும் வந்தாள். ரெங்கம் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். போகக் கூடாதென்று அந்த வீட்டுத் துரைசானி சொல்லியும் வந்ததாகச் சொன்னாள். அந்த வீட்டில் முன்பிருந்த துரையின் காலத்திலிருந்து ஏழு வருடமாக வேலியோரம் பார்த்துப் பேசியிருக்கிறேன். அவளை நான் உள்ளே வரச் சொன்னது அன்றுதான் முதல் தடவை. அவள் தலைமாட்டில் உட்கார்ந்து ஈ ஓட்டினாள்.

சுமார் பத்து மணிக்கு நான் பின்கட்டில் விளக்குக்கு எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்தேன். முன் அறையில் பூட்ஸ் சத்தம் கேட்டது. வந்து பார்த்தபோது, வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு துரையும் அவருடைய மனைவியும் வேறு இரண்டு பேரும் பூட்சைக் கழற்றாமல் உள்ளே நின்றார்கள். அவர்களை அழைத்து வந்தவன் கனகராஜ். லாயாங் லாயாங் ஊர்ப் பக்கத்தான். ஓட்டலுக்கு வருகிறவர்களுக்கு ஊர் சுற்றிக் காட்டுகிறவன், கழுத்தில் டை கட்டியிருப்பான். இவ்வளவு நாளும் ஆட்களை எங்கள் கேட்டுக்கு அழைத்து வந்தவன் இவன்தான் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

நான் கேட்டேன்: "ஆரைக் கேட்டு இவையளை உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு வந்தனீ?"

அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "கோவிச்சுக்காதீங்க அக்கா. இந்து சாவு எப்படின்னு பாக்கணுமாம். சும்மா பாத்துட்டுப் போயிடுவாங்க லா."

வெள்ளையம்மா எழுந்து, "ஏன்டா, உங்க அப்பன் செத்தாலும் இப்படித்தான் கூட்டியாந்து காட்டுவியா?" என்று கேட்டாள்.

வந்த துரையின் மனைவியான துரைசானி பெட்டிக் கேமராவைக் கையில் எடுத்து, முகம் தெரியவில்லையே என்று இங்கிலீஷில் சொன்னாள். கனகராஜ் குனிந்து என் கணவரின் முகத்திலிருந்த துணியைத் தூக்கிப் பிடித்தான். துரைசானி படம் பிடித்தாள். துரை நன்றாகப் பார்ப்பதற்காகக் கிட்டே வந்து குனிந்தார்.

விறாந்தையில் வாசலை ஒட்டி, பிணத்தைக் குளிப்பாட்டி மிஞ்சிய அரப்புத் தண்ணீர் வாளியில் இருந்தது. அதை எடுத்து வந்து ஊற்றினேன். கேட்டதற்குச் சொல்கிறேன்: தண்ணீர் சூடாக இருக்கவில்லை. கனகராஜைக் குறிவைத்து ஊற்றினேன், துரை மீதும் பட்டது. கை தவறிப் பட்டது என்று நான் சொல்லமாட்டேன். வாளியில் இரண்டு பேருக்கும் போதுமான தண்ணீர் இருந்தது. துரை கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னால் ஓடி, வாசல் படியில் சறுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். நான் அவரைத் தள்ளவில்லை. தொடவும் இல்லை. தொட்டிருந்தால் நான்தான் திரும்பக் குளிக்க வேண்டும். "குரங்குக் கூட்டம்" என்று நான் இங்கிலீஷில் சொன்னது உண்மை. இதை எழுத வேண்டாம் என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னார். எழுதச் சொன்னேன்.

அன்று பகல் இரண்டு மணிக்குத் தகனம் நடந்தது. அன்று மாலையே வெள்ளையம்மாவை வேலையிலிருந்து நிறுத்திப் பெட்டியை வாசலில் வைத்துவிட்டார்கள். அவள் இப்போது என் வீட்டில், என் கணவர் பேப்பர் வாசித்த விறாந்தையை ஒட்டிய அறையில் இருக்கிறாள்.

19ஆம் தேதி ஓட்டல் மானேஜர் வந்தார். துரையிடம் மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுத்து மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்தால் புகாரைத் திரும்பப் பெறுவார்கள் என்றும், இல்லாவிட்டால் தண்டனை வாங்கிக் கொடுத்து யாழ்ப்பாணத்துக்குக் கப்பலேற்றச் செய்வார்கள் என்றும் சொன்னார். அவரை உட்காரச் சொல்லவில்லை. என் பதில் இது: "உங்கட துரை செருப்பைக் கழட்டிப்போட்டு வந்து என்னட்டை மன்னிப்புக் கேக்கட்டும். பிறகு கப்பலைப் பற்றிக் கதைப்பம்." நான் வீட்டைக் காலி செய்யப் போவதில்லை.

கனகராஜ் தன் வாக்குமூலத்தில், தான் கேட்டுக்கு வெளியே நின்றதாகவும், துரைமார் வழி தவறி உள்ளே போனதாகவும், எனக்குப் புத்தி பேதலித்திருந்ததாகவும் சொல்லியிருப்பதாக இன்ஸ்பெக்டர் இன்று எனக்கு வாசித்துக் காட்டினார். அதன் பிறகு, நடந்ததற்குச் சாட்சியாகத் துரைசானி புகாருடன் சேர்த்துக் கொடுத்த புகைப்படத்தை என் முன் வைத்தார். பார்த்தேன். அதில் என் கணவரின் முகமும் கோணிய வாயும் தெரிகின்றன. துணியைத் தூக்கிப் பிடித்த கனகராஜின் கையும், டையும், பல் தெரியும் சிரிப்பும் தெரிகின்றன. ஈ விசிறியுடன் வெள்ளையம்மா இருக்கிறாள். என்னைக் குற்றவாளியாக்கக் கொடுத்த படம், யார் பொய் சொன்னது என்று காட்டுவதை அந்தத் துரைசானி கவனிக்கவில்லை. படம் பிடிக்கத் தெரிந்தவளுக்குப் பார்க்கத் தெரியவில்லை.

படத்தை எனக்குத் தரும்படி கேட்டேன். வழக்குக்கு வேண்டியிருப்பதால் தர முடியாது என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். அப்படியானால் என் கணவரின் முகத்தை மட்டும் கத்தரித்து இன்றே என்னிடம் தந்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். துணியைப் பிடித்திருக்கும் கை இருந்தால் கோர்ட்டுக்குப் போதும்.

மேலே எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நானும் வாங்கி ஒரு முறை வாசித்தேன். இரண்டு இடத்தில் எழுத்துப் பிழை திருத்தினேன். நான் சொன்னதே எழுதப்பட்டிருக்கிறது, சொன்னது அத்தனையும் நடந்தது.

(ஒப்பம்) வி. செல்லப்பாக்கியம்