மூடச் சொன்னார், மூடினேன்

இந்த அறைக்குத் தரை போட்டவன் வேலை தெரியாதவன். சரிவு வாசல் பக்கம் போக வேண்டும். இங்கே மூலைக்குப் போகிறது. கழுவி விட்டால் தண்ணீர் அந்த இரும்பு அலமாரிக்கு அடியில் போய் நிற்கும். அலமாரியின் கால் துருப்பிடித்திருப்பதே சாட்சி. பேச்சை மாற்றுகிறேன் என்று நினைக்காதீர்கள். கேட்டதற்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். எழுதி முடித்ததும் எனக்கு ஒரு தரம் வாசித்துக் காட்டுங்கள். படித்தவர்கள் எழுதுவதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிற ஆள் இல்லை நான்.

நான் கொத்து மேஸ்திரி. பள்ளிக்கூடம் பக்கம் அதிகம் ஒதுங்கியதில்லை. ஆலை கட்டுவது, தொட்டி கட்டுவது, குழாய் பதிப்பது, இதுதான் பிழைப்பு. கடைசியாகக் கட்டியது சாய ஆலையின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். சாயத் தண்ணீர், ஆலைக் கக்கூஸ் தண்ணீர் எல்லாம் ஒரு பக்கம் நுழைய வேண்டும். தொட்டி தொட்டியாகத் தாண்டி மறு பக்கம் தெளிந்து வர வேண்டும். தெளிந்த தண்ணீரை ஆலைக் குடியிருப்பின் தோட்டத்துக்கு விடுவதாகத் திட்டம். அந்தக் குழாயின் மேல் பச்சைக் கோடு இருக்கும். குடிதண்ணீர்க் குழாய்க்கு நீலக் கோடு. இரண்டும் ஒரே பள்ளத்தில் பக்கத்தில் பக்கத்தில் போகின்றன.

குடியிருப்பு மேட்டில் இருக்கிறது. மானேஜர், எஞ்சினியர், அதிகாரிகள் எல்லாம் அங்கே. நான் இருப்பது ஆலைக்குக் கீழே, தாழ்ந்த தெரு. ஆலை வந்த பிறகு எங்கள் கிணற்றுத் தண்ணீர் ஒரு நாள் ஊதாவாக இருக்கும், மறு நாள் ரோஜாவாக இருக்கும். அன்றைக்கு ஆலையில் என்ன நிறத் துணி ஓடுகிறது என்று கிணற்றைப் பார்த்தே சொல்லிவிடலாம். என் மனைவி அந்தத் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடித்தே போய்ச் சேர்ந்தாள். இதற்காக இவ்வளவு பேர் வந்து யாரையும் விசாரித்ததாக எனக்கு ஞாபகமில்லை.

எங்கள் வேலையில் ஒரு சொல் உண்டு. மூடு. மண்ணுக்குள் போகிற எதையும் எஞ்சினியர் வந்து பார்த்து அந்தச் சொல்லைச் சொல்லாமல் மூடக் கூடாது. சொல்லிவிட்டால் பொறுப்பு அவர் தலையில். எங்கள் எஞ்சினியர் எதையும் குனிந்து பார்க்காமல் சொல்லிவிட மாட்டார். அதனால் ஆட்கள் அவருக்கு மூடு சார் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "மூடு சாருக்கு இன்னைக்கு மூடு சரியில்லடா, ஓடிருங்க" என்று சிரிப்பார்கள்.

அந்த மூடு சார்தான் என் மாப்பிள்ளை. என் ஒரே மகளைக் கட்டியவர். என்னிடம் கேட்டுக் கட்டவில்லை. கட்டிய பிறகு இரண்டு பேரும் வந்து நின்றார்கள், உட்காருங்கள் என்றேன். வேலையிடத்தில் நான் அவருக்கு மேஸ்திரி, அவர் எனக்கு சார். வீட்டுக்குப் போனால்தான் மாமா, மாப்பிள்ளை. அதில் எனக்கு வருத்தமில்லை. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், சொந்தப் பகையில் செய்தேன் என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது.

வட்டத் தொட்டி சமாசாரத்தை யாரோ உங்கள் காதில் போட்டிருப்பார்கள். கசடு அடியில் தங்கி, தண்ணீர் மேலே தெளிந்து, விளிம்பு முழுக்க ஒரே சீராக வழிய வேண்டிய தொட்டி அது. விளிம்பு ஒரு நூல் ஏறி இறங்கினாலும் தண்ணீர் ஒரு பக்கமாகவே வழியும். நான் கண்ணாலேயே மட்டம் பார்க்கிறவன். கட்டி முடித்துத் தண்ணீர் நிரப்பினோம். ஒரு பக்கமாக வழிந்தது. ஆட்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. சிரித்தார்.

"மேஸ்திரி, நான் சொன்னா கோச்சுக்குவீங்க. தண்ணியே சொல்லுது பாருங்க. விளிம்பை உடைச்சுட்டு மறுபடி கட்டுங்க."

என் கையாலேயே உடைத்தேன். அன்றைக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்த என் மகளும் அங்கேதான் நின்றாள். "விடுங்கப்பா, அவர் சொல்றது சரிதானே, ஒரு பக்கம்தானே வழியுது" என்றாள். இவ்வளவுதான் நடந்தது. இதெல்லாம் தொழிலில் சகஜம். அன்றைக்கே மறந்துவிட்டேன்.

எனக்குக் கோபம் வந்தது திறப்பு விழா அன்றைக்கு. மானேஜர் மேடை போட்டு, தெளிந்து வந்த தண்ணீர் என்று சொல்லி ஒரு தம்ளர் குடித்துக் காட்டினார். எல்லாரும் கை தட்டினார்கள். அந்தத் தம்ளரில் இருந்தது பாட்டில் தண்ணீர். மேடைக்குப் பின்னால் அதை ஊற்றியவர் என் மாப்பிள்ளை. நான் பார்த்துவிட்டதை அவரும் கவனித்தார். விழா முடிந்து பந்தல் பிரிப்பதற்குள் தொட்டிக்குக் காற்று ஊதுகிற மெஷினை நிறுத்திவிட்டார்கள். கரண்டு தின்கிறதாம். கடைசியில் கலக்க வேண்டிய குளோரின் மருந்தும் நின்றது. அரசாங்க அதிகாரிகள் பார்க்க வருகிறார்கள் என்றால் மட்டும் எல்லாம் ஓடும். மற்ற நாளில் அரைகுறையாகத் தெளிந்த தண்ணீர்தான். கண்ணுக்குப் பளிங்கு மாதிரி இருக்கும். உள்ளே இருப்பது கக்கூஸ்.

நான் அவரிடம் போய்க் கேட்டேன். "இவ்ளோ பெருசா கட்டினது படம் புடிக்கத்தானா சார்?"

"மேலிடத்துல சொல்றாங்க மேஸ்திரி, நான் என்ன பண்ணட்டும்? நீங்க உங்க வேலையைப் பாருங்க."

சரி என்று என் வேலையைப் பார்த்தேன்.

தோட்டத்துக் குழாய் பதிக்கிற வேலை மட்டும் பாக்கி இருந்தது. பகல் சாப்பாட்டு வேளையில் ஆட்கள் மர நிழலுக்குப் போனதும், குடியிருப்புக்குப் பக்கத்தில் பச்சைக் கோட்டையும் நீலக் கோட்டையும் சேர்த்து ஒரு டீ போட்டேன். குழாய் இணைக்கிற டீயைச் சொல்கிறேன். குடிக்கிற டீ இல்லை என்று சொல்ல வந்தேன், ஆனால் குடித்தார்கள்தான்.

நான் நினைத்தது இதுதான். அவர் குடிக்க வேண்டும். மானேஜர் குடிக்க வேண்டும். சுத்தமான தண்ணீர் என்று நாலு பேருக்கு முன்னால் சொன்னார்களே, அதையே கொஞ்ச நாள் குடிக்கட்டும். வயிறு இரண்டு நாள் புரட்டும். பிறகு ஆட்கள் எல்லாரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, "சார், இத்தனை நாளா நீங்க குடிச்சது என்னன்னு தெரியுமா?" என்று கேட்பது. சிரித்துக்கொண்டே கேட்பது. இதில் கொலை எங்கே இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

அந்த இணைப்பை நான் ஒளித்து வைக்கவில்லை. பள்ளம் திறந்துதான் கிடந்தது. அவர் வந்து குனிந்து பார்த்திருந்தால் போதும், குழந்தைக்குக்கூடத் தெரியும். வழக்கமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற மனிதர், அன்றைக்கு ஸ்கூட்டரை விட்டு இறங்கவே இல்லை. ஸ்கூட்டரின் முன்பக்கம் அவர் மகள், என் பேத்தி, நின்றுகொண்டிருந்தாள். வாலு என்று கூப்பிடுவோம். பேச்சு இன்னும் திருந்தாத வயது. என்னைப் பார்த்ததும் கையை நீட்டி, "தாத்தா, மூது! மூது!" என்றாள். அப்பா சொல்வதைக் கேட்டுக் கேட்டு வந்த சொல். ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

"மேடமே சொல்லிட்டாங்க. மூடுங்க மாமா."

வேலையிடத்தில் அவர் என்னை மாமா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. எனக்கும் ஒரு மாதிரி இருந்தது. மண்வெட்டியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். மூடச் சொன்னது அவர். மூடினேன். முறைப்படிதான் நடந்தது.

மகளை நான் எச்சரிக்கவில்லை என்று நீங்கள் சொல்வது பொய். அடுத்த தடவை அவள் வீட்டு வாசலில் பார்த்தபோதே சொன்னேன். "தண்ணியைக் காய்ச்சிக் குடி அம்மாடி."

"எதுக்குப்பா? நம்ம லைன்ல நல்ல தண்ணிதானே வருது."

"சொன்னாக் கேளு."

"உங்களுக்கு யாரைத்தான் நம்பத் தெரியும்? தண்ணியைக்கூடச் சந்தேகப்படுறீங்க."

என்னைப் பார்த்து அப்படிச் சொன்னாள். இதற்கு மேல் ஒரு தகப்பன் என்ன சொல்ல முடியும். காரணம் சொல்லியிருக்கலாம் என்பீர்கள். காரணம் சொன்னால் அவள் போய் அவரிடம் சொல்வாள். அவள் அவர் பக்கம் என்பதை ஏற்கெனவே பார்த்தவன் நான்.

வீட்டுக்குள் போனதும் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். தாகமில்லை என்றேன். "பாத்தீங்களா, மாமனாருக்கு இன்னும் உங்க மேல கோவம் தீரல, நம்ம வீட்டுத் தண்ணியைக்கூடத் தொட மாட்டேங்கிறாரு" என்று உள்ளே பார்த்துச் சொன்னாள். அவர் அறைக்குள்ளிருந்து, "ஜூஸ் குடுத்துப் பாரு" என்றார். இரண்டு பேருக்கும் சிரிப்பு. அதற்குள் வாலு வந்து என் மடியில் ஏறிக்கொண்டாள். "தாத்தாக்கு வேணாமா? நான் குடிக்கிறேன்" என்று தம்ளரை எடுத்தாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மூச்சு விடாமல் குடித்தாள். மோவாயில் வழிந்ததை நான் துண்டால் துடைத்துவிட்டேன்.

தட்டிவிட்டிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பது உங்கள் முகத்தில் தெரிகிறது. தட்டிவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். அதுவும் அதற்கு முந்தைய நாட்களில் எத்தனை தம்ளர் குடித்தாளோ, இந்த ஒரு தம்ளரில் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன். நியாயமாக யோசித்தால் அது சரிதான்.

முதலில் படுத்தது மானேஜரின் தாயார். வயதானவர், தாங்கவில்லை, போய்விட்டார். பிறகு குடியிருப்பில் வீட்டுக்கு வீடு வாந்தி, பேதி. பெரியவர்கள் எழுந்துவிட்டார்கள். மாப்பிள்ளைக்குக் காய்ச்சலோடு போயிற்று. வாலுவை மட்டும் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கையில் ஊசி குத்த நரம்பு கிடைக்காமல் காலில் குத்தியிருந்தார்கள். டாக்டரம்மா வெளியே வந்து எங்கள் மூன்று பேரையும் நிறுத்திக் கேட்டார்.

"குழந்தை வெளியில ஏதாவது சாப்பிட்டுச்சா? தண்ணி எங்கேர்ந்து எடுக்குறீங்க? தெரிஞ்சா மருந்து மாத்திக் குடுக்கலாம், சீக்கிரம் சொல்லுங்க."

மாப்பிள்ளை, "குடிதண்ணி லைன்தான் டாக்டர், நான் போட்ட லைன், அதுல தப்பு வராது" என்றார். நான் போட்ட லைன் என்றார். அன்றைக்கு மண்ணில் கால் வைக்காதவர். என் மகள் என்னைப் பார்த்தாள். "அப்பா, நீங்கதானே காய்ச்சிக் குடிக்கச் சொன்னீங்க? ஏன் சொன்னீங்க?"

பொதுவா சொன்னேன் என்றேன்.

வாலு அன்று சாயங்காலமே போய்விட்டாள்.

ஏன் வாயைத் திறக்கவில்லை என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். சொல்கிறேன். திறந்திருந்தால் என்ன செய்திருப்பார்கள்? பள்ளத்தைத் தோண்டச் சொல்லியிருப்பார்கள். ஆட்கள் சுற்றி நிற்க, நான் போட்டதை என் கையாலேயே உடைக்கச் சொல்லியிருப்பார்கள். ஒரு மனிதன் எத்தனை தடவை உடைப்பான்? அதைத்தான் யோசித்துக்கொண்டு நின்றேன். அதற்குள் அவள் போய்விட்டாள். ஆமாம், தெரிந்தேதான் இணைத்தேன். தெரிந்தேதான் குடிக்க விட்டேன். தெரிந்தேதான் டாக்டரிடம் சொல்லாமல் இருந்தேன். எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியில் நீங்கள் எல்லாரும் வந்து தோண்டினீர்கள் அல்லவா, அப்போது அவர்தான் முதலில் பள்ளத்துக்குள் இறங்கினார். சட்டையெல்லாம் சேறு. மண்ணைக் கையாலேயே விலக்கிப் பார்த்தார். பச்சைக் கோடு, நீலக் கோடு, நடுவில் என் டீ. அதன் மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அழவில்லை, என்னைத் திட்டவில்லை. எனக்கே பாவமாக இருந்தது. நான்தான் கரையில் நின்று பேச்சுக் கொடுத்தேன்.

"நல்லா தடவிப் பாருங்க மாப்பிள்ளை. எங்கேயாவது ஒரு சொட்டு ஒழுகுதா?"

வேலை சுத்தம் என்று ஒரு வார்த்தை ஒப்புக்கொண்டால் இந்தப் படித்தவர்களுக்கு என்ன குறைந்துவிடும்?