பதினாலாம் அறைப் பொம்மை

— துடைக்காதையும், கிளோறியா! அந்த ஈரத் துணியைக் கீழ வையும்.

— ஊத்தைதானே, சாரங்கி அக்கா. கொஞ்சம் துடைச்சா முகம் வெளிக்கும் எண்டு பாத்தன்.

— ஊத்தையோட சேந்து மிச்ச நிறமும் வந்திடும். கன்னத்தில இப்பவே பாதிதான் இருக்கு. இஞ்ச தாரும்.

— இந்தாங்கோ. வெள்ளிக்கிழமைக்கு முதல் முடிச்சுத் தருவீங்களோ? அதை மட்டும் சொல்லுங்கோ.

— வந்து ஜக்கெட்டும் கழட்டேல்லை, அதுக்குள்ள நாலு தரம் வெள்ளிக்கிழமை எண்டு சொல்லிப்போட்டீர். இரும். தேத்தண்ணி போடட்டே?

— வேண்டாம் அக்கா. கொமூன் கந்தோரில வேலைக்கு அரை நாள் லீவு சொல்லிப்போட்டு ஹேர்னிங்கில இருந்து ஓடி வந்தனான். இக்காஸ்டில தமிழ் அக்கா ஒராள் பொம்மை திருத்திறா எண்டு என்னோட வேலை செய்யிற ஷாமிலாதான் சொன்னவ. டெனிஷ்காரரே உங்களை டூக்கடொக்டர், பொம்மை டொக்டர் எண்டுதான் சொல்லுகினமாம்.

— தையல் ஃபெக்டறி மூடினாப் பிறகு பழகின தொழில். சரி, முதல்ல இது என்ன பொம்மை எண்டு பாப்பம். இந்தக் கண்ணாடியைப் பிடிச்சுக் கழுத்துக்குப் பின்னால பாரும். என்ன தெரியுது?

— ஏதோ பூச்சி மாதிரி... இல்லை, ஆமை! மாதாவே, இவ்வளவு வருசமா நான் இதைக் காணேல்லையே.

— ஜேர்மன் கொம்பனி ஒண்டின்ர முத்திரை அது. கீழ இருக்கிற இலக்கம் உயரம். இப்ப பெருவிரலால வயித்தில நல்லாத் தேச்சுப்போட்டு மணந்து பாரும்.

— அட, கற்பூரம் மாதிரியெல்லோ மணக்குது!

— கற்பூரம் கலந்துதான் செய்யிறவை. செலுலோயிட். இப்பத்தைய பிளாஸ்டிக் வாறதுக்கு முந்தின சாமான். ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பதுக்குக் கிட்டச் செய்திருப்பினம். ஆரோ ஒரு டெனிஷ் பிள்ளை விளையாடிப்போட்டு விட்ட பொம்மை.

— அப்ப திருத்தலாம்தானே? முகத்துக்கு முழுசாப் பெயின்ற் அடிக்கவேணும். உள்ளுக்குப் போன கண்ணை வெளியில எடுக்கவேணும். கை தொங்குது. நெஞ்சு நெளிஞ்சு கிடக்கு. கால் விரல்ல இந்தச் சிவப்பு, அதையும் அழிச்சு... கடையில இருந்து வந்த மாதிரி வேணும் எனக்கு.

— கைக்கு உள்ளுக்கு இருக்கிற லாஸ்ரிக் நூல் அறுந்திருக்கு. அது பெரிய வேலையில்லை. கண்ணையும் இருத்தலாம். நெளிவை எடுக்கிறதெண்டாச் சூடு காட்டவேணும், இது சூடு பட்டா நெருப்புக்குச்சி மாதிரிப் பத்தும். முகத்துக்குப் பெயின்ற் அடிக்கலாம். ஆனா அடிச்சாப் பிறகு அது வேற முகம், கிளோறியா.

— வேற முகமெண்டாலும் பரவாயில்லை. வடிவா இருந்தாச் சரி.

— ஆருக்கு இவ்வளவு அவசரமா? மகளுக்கோ?

— இல்லை. திருப்பிக் குடுக்க.

— ஆரிட்ட?

— அதுதான் தெரியாது.

— ஆரெண்டு தெரியாது, ஆனா வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்?

— சிரிக்காதேங்கோ அக்கா. எனக்கு மூண்டு நாளா நித்திரையில்லை. சாப்பாடு இறங்குதில்லை. ரோட்டில லைட் பச்சையானதும் தெரியாமல் நிக்கிறன், பின்னுக்கு ஹோர்ண் அடிக்கினம்.

— நான் சிரிக்கேல்லை. ஆறுதலாச் சொல்லும்.

— எனக்கு ஒரு அக்கா. மேரிசெலின். ஓல்போர்க் ஆஸ்பத்திரியில இருக்கிறா. கான்சர். மருந்து இனிக் கேக்காது எண்டு டொக்டர்மார் நிப்பாட்டிப்போட்டினம். ஞாயிற்றுக்கிழமை பாக்கப் போனனான். எல்லாரையும் வெளியில அனுப்பிப்போட்டு, என்ர கையைப் பிடிச்சு, "அந்தப் பொம்மை இன்னும் இருக்கோ?" எண்டு கேட்டா. ஓம், பரணில பெட்டிக்குள்ள கிடக்கு எண்டன். "அது ஆரும் உனக்குத் தந்ததில்லை. நான் களவெடுத்தனான்" எண்டா.

— களவோ?

— எனக்கும் விளங்கேல்லை. நாங்கள் எண்பத்தாறாம் ஆண்டு இஞ்ச வந்தனாங்கள், அப்பா, அம்மா, அக்கா, நான். எனக்கு நாலு வயசு. அக்காவுக்குப் பதினாலு. முதல்ல அகதிகளைக் கடற்கரைப் பக்கமா ஒரு பழைய ஹோட்டல்ல வைச்சிருந்தவை. அங்க செஞ்சிலுவைச் சங்கத்து மனுசி ஒராள் தந்த பொம்மை எண்டுதான் அக்கா எனக்குச் சொல்லி வளத்தவ. சாரங்கி அக்கா, ஏன் எழும்பிறீங்கள்?

— ஒண்டுமில்லை. யன்னலைக் கொஞ்சம் திறப்பம். உள்ளுக்குப் பெயின்ற் மணம். நீர் சொல்லும்.

— அந்தப் பொம்மை பதினாலாம் அறையில இருந்த ஒரு பிள்ளையின்ரயாம். ஒரு நாள் படிக்கட்டில வைச்சுப்போட்டு அந்தப் பிள்ளை எங்கயோ போயிட்டுதாம். நான் அந்தப் பொம்மையைக் காணக் காண அழுறனானாம். அக்கா எடுத்துத் தன்ர சுவெட்டருக்குள்ள ஒளிச்சுப்போட்டா.

— சின்னப் பிள்ளையள் செய்யிற வேலைதானே.

— அதோட முடிஞ்சிருந்தாப் பரவாயில்லையே! அந்தப் பிள்ளையின்ர தாய் முழு ஹோட்டலையும் கூட்டிப்போட்டாவாம். எங்கட அறை வாசல்ல வந்து நிண்டு, கள்ளக் குடும்பம் எண்டு எங்கட அப்பாவைப் பேசினவவாம். அப்பாவுக்கு ரோசம். வேதப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து, எல்லாருக்கும் முன்னால அக்காட கையை அதில வைக்கச் சொல்லி, எடுக்கேல்லையெண்டு சத்தியம் பண்ண வைச்சார். அக்கா சத்தியம் பண்ணினா.

— பண்ணினா...

— அண்டையில இருந்து அக்கா நற்கருணை வாங்கிறேல்லை, தெரியுமோ? ஒவ்வொரு ஞாயிறும் பூசைக்குப் போவா. எல்லாரும் வரிசையில எழும்பிப் போவம். அவ மட்டும் வாங்கில இருந்துகொண்டு முந்தானையைத் திருகுவா. தன்ர கலியாணப் பூசையிலகூட ஏதோ சாட்டுச் சொல்லிப்போட்டா. நாங்கள் சாமிமாரோட ஏதோ கோவம் எண்டு நினைச்சம். முப்பத்தொன்பது வருசம் அக்கா! ஒரு பொம்மைக்காக!

— வெள்ளிக்கிழமை என்ன?

— பங்குச் சாமி வாறார், சாக முதல் குடுக்கிற அவஸ்தைப் பூசுதல் குடுக்க. அக்கா வேண்டாமெண்டு நிக்கிறா. பொம்மையைத் திருத்தி, உரிய பிள்ளையைக் கண்டுபிடிச்சு, கையில குடுத்துப்போட்டு வந்து சொல்லு, பிறகுதான் சாமியைப் பாப்பன் எண்டு சொல்லிப்போட்டா. நான் எங்க போய்த் தேடுவன்? பேர் தெரியாது. அக்காவுக்கும் ஞாபகமில்லை. பிறகு ஆளாளுக்கு ஒவ்வொரு ஊருக்கு அனுப்பிப்போட்டினம். அப்பாவும் அம்மாவும் இப்ப இல்லை. கேக்கிறதுக்கும் ஆளில்லை. தேடுறது ஒரு பக்கம், திருத்திறதையாவது முடிப்பம் எண்டுதான் உங்களிட்ட வந்தனான்.

— நான் சொல்லுறதைக் கேளும். பெயின்ற் அடிக்கவேண்டாம்.

— ஏன்? உடைஞ்ச சாமானைத் திருப்பிக் குடுக்கிறது மரியாதையோ?

— புதுசாக்கிக் குடுத்தா அது தன்ர பொம்மை எண்டு அந்த ஆளுக்கு என்னண்டு தெரியும்?

— அக்கா கேட்டவ, திருத்திக் குடு எண்டு!

— கையைக் கட்டுவம். கண்ணை இருத்துவம். அதுவும் திருத்தல்தான். இந்தக் கன்னம் தேஞ்சது விழுந்தோ அடிபட்டோ இல்லை. ஆரோ கொஞ்சித் தேஞ்சது. அது நீராத்தான் இருக்கும்.

— இரவில இதைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டுதான் படுப்பன்... சரி, கன்னத்தை விடுங்கோ. கால் விரல்ச் சிவப்பையாவது அழியுங்கோ. அசிங்கமாக் கிடக்கு.

— அது அழியாது. நகத்துக்குப் பூசுற கியூட்டெக்ஸ். அழிக்கிறதுக்கு அதைக் கரைக்கிற தண்ணிதான் வேணும், அது பட்டா இந்தக் கால் கரைஞ்சுபோகும். கியூட்டெக்ஸும் பூசேக்கையே கொஞ்சம் அரிச்சுக்கொண்டு உள்ளுக்குப் போயிட்டுது. இது பூசினபடியே கிடக்கவேண்டியதுதான்.

— நாலு விரல் சிவப்பு, ஒண்டு வெறுமை. நான்தான் சின்னனில பூசிக் கெடுத்தனானாக்கும். அரைகுறையா விட்டிருக்கிறன்.

— சின்ன விரலுக்குப் பூச முதல் அம்மா வந்திட்டா. போத்திலைப் பறிச்சுப்போட்டு முதுகில ரெண்டு போட்டவ.

— ஆற்ற அம்மா?

— கையைக் கட்ட லாஸ்ரிக் எடுப்பம்.

— அக்கா, ஆற்ற அம்மா வந்தவ?

— லாஸ்ரிக் எங்க வைச்சன்... இஞ்சதான் வைச்சனான்...

— சாரங்கி அக்கா, லாஸ்ரிக் கிடக்கட்டும். பொம்மையை மேசையில வையுங்கோ. என்னைப் பாருங்கோ. நீங்களும் அந்த ஹோட்டல்லயோ இருந்தனீங்கள்?

— ஓம்.

— எத்தினையாம் அறை?

— பதினாலு.

— மாதாவே! மாதாவே! நீங்களோ? நீங்கள்தானோ? நான் டென்மார்க் முழுக்கத் தேடவேணுமெண்டு... கடவுள்தான் கொண்டுவந்து விட்டிருக்கிறார்! எப்ப கண்டுபிடிச்சனீங்கள்?

— பையில இருந்து எடுக்கேக்கையே. காலைக் கண்டதும். அப்பேக்க எனக்கு ஒன்பது வயசு.

— பிறகேன் பேசாமல் இருந்தனீங்கள்? ஆமை எண்டும் கற்பூரம் எண்டும் எனக்குப் பாடம் எடுத்துக்கொண்டு!

— வாய் வரேல்லை.

— கோவமாத்தான் இருக்கும். எனக்கு விளங்குது. அக்கா, நான் காலில விழட்டே? செலின் அக்காவுக்காக நான் மன்னிப்புக் கேக்கிறன். பொம்மை உங்கட. இந்தாங்கோ, பிடியுங்கோ. ஒருக்கா வாங்கினனெண்டு சொல்லுங்கோ!

— எழும்பும், எழும்பும். அதை எனக்கு நீட்டாதையும்.

— வாங்கமாட்டீங்களோ? அப்பிடியெண்டா மன்னிக்கமாட்டீங்கள்.

— மன்னிக்க எனக்கு ஒண்டுமில்லை, கிளோறியா.

— அப்பிடிச் சொன்னா அக்காவுக்குக் காணாது. அவ, நீ சும்மா ஆறுதலுக்குச் சொல்லுறாய் எண்டுதான் என்னட்டச் சொல்லுவா. உங்கட பெரிய மனசு அவவுக்கு உதவாது, நீங்கள் வாங்கவேணும்!

— எனக்குப் பெரிய மனசும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஃபோனை எடும். செலினுக்கு அடியும்.

— இப்பவோ? நித்திரையா இருப்பா.

— எழுப்பும். இப்ப சொல்லாட்டி நான் பிறகு சொல்லமாட்டன். எனக்கு என்னைத் தெரியும். இந்த முப்பத்தொன்பது வருசத்தில எங்கயாவது கலியாண வீட்டில உங்கட குடும்பத்தைக் கண்டிடுவனோ எண்டு நான் ஆக்களின்ர முகம் பாத்துக்கொண்டு திரிஞ்சனான். ஒருக்கா ஹேர்னிங்கில ஒரு சாமத்தியச் சடங்கில உங்கட அப்பாவைக் கண்டிட்டுச் சாப்பிடாமலே வந்தனான். அடியும்!

— நீங்கள் ஏன் ஒளிக்கவேணும்? நாங்களெல்லோ... பொறுங்கோ, அடிக்குது. அக்கா? அக்கா, நான் கிளோறியா. ஓம், இக்காஸ்டில நிக்கிறன். அந்தப் பிள்ளை கிடைச்சிட்டுது அக்கா! சத்தியமா! பதினாலாம் அறைதான். சாரங்கி எண்டு பேர். எனக்குப் பக்கத்தில நிக்கிறா. பேசப்போறாவாம். ஸ்பீக்கர்ல போடுறன்.

— சாரங்கி... பிள்ளை... கேக்குதோ?

— கேக்குது, செலின் அக்கா.

— எனக்குச் சத்தமாக் கதைக்கேலாது. மூச்சு வாங்குது. உம்மட பொம்மையை நான்தான் எடுத்தனான். வேதப்புத்தகத்தில கை வைச்சுப் பொய் சொன்னனான். நீர் படிக்கட்டில இருந்து அழுதது இன்னும் என்ர காதில கிடக்கு. என்னை மன்னிப்பீரோ?

— நான் அழுதது பொய் அழுகை, அக்கா.

— என்ன சொல்லுறீர்?

— பொம்மை போச்சுதெண்டு நான் அழேல்லை. பிடிபட்டுப்போனனெண்டு பயந்து அழுதனான். நீங்கள்தான் எடுத்தனீங்கள் எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். ஏன் எடுத்தனீங்கள் எண்டும் தெரியும் எண்டு நினைச்சன். எல்லாருக்கும் முன்னால நீங்கள் சொல்லிப்போடுவீங்கள் எண்டு நடுங்கிக்கொண்டு நிண்டனான். நீங்கள் சத்தியம் பண்ணினாப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

— எனக்கு விளங்கேல்லை, பிள்ளை. நான் என்னத்தைச் சொல்ல?

— சாரங்கி அக்கா, அவவைக் குழப்பாதேங்கோ. மன்னிச்சிட்டன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, காணும்.

— சொல்லேலாது, கிளோறியா. செலின் அக்கா, கேளுங்கோ. அந்த வருசம் நத்தாருக்கு முதல் நாள், எல்லாப் பிள்ளையளின்ர பரிசும் சாப்பாட்டு அறையில மரத்துக்குக் கீழ வைச்சிருந்தவை. ஒவ்வொண்டிலயும் பேர் எழுதின துண்டு கட்டியிருந்தது. ஆரும் இல்லாத நேரம் நான் உள்ளுக்குப் போனனான். என்ர பேர் போட்டது சின்னப் பொதி, அமத்திப் பாத்தன், ரெண்டு கம்பளிக் கையுறை. பக்கத்தில இருந்ததின்ர தாள் கிழிஞ்சு ஒரு கால் வெளியில தெரிஞ்சுது. நான் ரெண்டு துண்டையும் அவிட்டு மாத்திக் கட்டினனான்.

— ஆற்ற துண்டை, பிள்ளை?

— உங்கட தங்கச்சியின்ர. அந்தப் பொம்மையில கட்டியிருந்த பேர் கிளோறியா.