தெளிவாகக் கேட்ட ஸ்பீக்கர்

"நொம்ப நல்லா கேட்டுச்சுங்க. அதான் திருப்பி அனுப்பிட்டேன்."

ஒண்டிக்கடை ஸ்டாப்பிலிருந்து கிளம்பிய மாரமங்கலம் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இருந்த பெரியவர் இப்படிச் சொன்னார்.

"ஏனுங்க மாஸ்டர், நல்லா கேட்டதையா அனுப்பினீங்க?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"ரெண்டு செட் ஸ்பீக்கர் வரவழைச்சேனுங்க. ஊட்டு அலமாரியில வெக்கிற சைஸ், ஆம்ப்ளிபயர் உள்ளேயே இருக்குது. ஒண்ணுல பேஸ் சத்தம் திம்முனு வருது, குரலெல்லாம் கலங்கிப் போகுது. இன்னொண்ணுல ஒவ்வொருத்தர் குரலும் தனித்தனியா கேக்குது."

"அப்புறமென்னங்க?"

"நம்ம சர்ச் கொயர் பாடுன கிறிஸ்துமஸ் ரெக்கார்டிங்கப் போட்டுப் பார்த்தேன். சுதி விலகுதுன்னு ஸ்டெல்லாவ கொயர்லருந்து நிறுத்தினமே, அதே பாட்டு."

"கொயர் மாஸ்டர் நீங்கதானுங்க நிறுத்தினீங்க."

"அந்தப் புள்ள சரியாத்தான் பாடியிருக்குது. விலகுனது என் குரலுங்க."

நான் இறங்க வேண்டிய இடம் வந்தது. இறங்கவில்லை.

"அப்ப ஸ்டெல்லாகிட்டச் சொல்லித் திரும்பக் கூப்பிடணுமில்லீங்களா?"

பெரியவர் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டார்.

"கூப்பிடலாமுங்க. ஆனா இப்ப ஊட்ல இருக்கற ஸ்பீக்கர்ல, விலகுனது யாருன்னு தெரியலீங்களே."